வெந்நீரில் போடச் சொன்ன டீச்சர் எழுதுகிறேன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து காரைக்குடிக்கு வந்திருந்தான். வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்க தொடங்கி வெச்ச பழக்கம், இன்னும் விடலை" என்று ஒரு ஆல்பத்தை நீட்டினான். முதல் பக்கத்தில் ஒரே ஒரு தபால்தலை. செம்பழுப்பு நிறம். நடுவில் பெஞ்சமின் பிராங்க்ளின் முகம், கீழே 5 சென்ட். அமெரிக்க அரசு நாடு முழுவதற்கும் பொதுவாக வெளியிட்ட முதல் இரண்டு தலைகளில் அது ஒன்று. 1847 ஜூலை 1-ல் வந்தது. இன்னொன்று வாஷிங்டன் படம் போட்ட 10 சென்ட் கறுப்புத் தலை.

"எவ்வளவுப்பா இது?" என்றேன்.

"சில நூறு டாலர்தான் டீச்சர். பழசுன்னா எல்லாம் கோடிக்குப் போகும்னு நம்ம ஊர்ல நினைக்கிறாங்க. இந்த அஞ்சு சென்ட் தலை சுமார் 37 லட்சம் வெளியே போச்சு. நிறையப் பேர்கிட்ட இருக்கு. ஆனா இது அந்தக் கடித உறையோட இருந்திருந்தா கதையே வேற. யாரோ ஒரு காலத்துல தண்ணியில ஊறப்போட்டுப் பிரிச்சுட்டாங்க."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால், ஊறப்போடச் சொல்லிக் கொடுத்தவளே நான்.

என்னிடம் படித்த பலருக்கு நினைவிருக்கும். 1980-களின் நடுவில் நம் பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் ஒன்று நடத்தினேன். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. ஒரு அலுமினியச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். உறையிலிருந்து வெட்டிய துண்டைக் கவிழ்த்துப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருப்போம். கோந்து இளகித் தலை தானாகக் கழன்று வரும். அதை எடுத்துப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே அட்லஸ் புத்தகத்தைப் பாரமாக வைப்போம். திங்கட்கிழமை காய்ந்து சமமாக இருக்கும்.

"வீட்டில் தாத்தா காலத்துக் கடிதம் இருந்தால் தலையை மட்டும் ஓரம் விட்டு வெட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னேன். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரில் சொந்தம் இருந்தாலும் அந்த வீட்டுப் பரணிலோ இரண்டாங்கட்டு அறையிலோ ஒரு தகரப்பெட்டி நிறையக் கடிதம் இருந்தது. பர்மா, இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன். பாயும் புலி போட்ட மலாய் நாட்டுத் தலையைக் கொண்டுவந்த பையனுக்கு வகுப்பே கைதட்டியது. தலை ஆல்பத்துக்குப் போனது. உறையும் கடிதமும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. அன்று சின்னப் பிள்ளைகளுக்கான பொழுதுபோக்குப் புத்தகங்களும் அப்படித்தான் செய்யச் சொல்லின. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொல்லிக் கொடுத்தது நான். அது தவறு. இன்று அதைத் திருத்திச் சொல்கிறேன்: பழைய கடித உறையிலிருந்து தபால்தலையைப் பிரிக்காதீர்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த மாணவன் சொன்ன ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்காவில் 1845-ல் தபால் கட்டணத்தைக் குறைத்துச் சீராக்கினார்கள். ஆனால் அரசின் தபால்தலை வர இன்னும் இரண்டு ஆண்டு ஆனது. அந்த இடைவெளியில் சில ஊர் போஸ்ட்மாஸ்டர்கள் தாங்களே தலை அச்சடித்துக்கொண்டார்கள். அலெக்சாண்டிரியா என்ற ஊரின் போஸ்ட்மாஸ்டர் அடித்தது ஒரு வட்டம், அதற்குள் ஊர்ப்பெயர், 5 என்ற எண், அவ்வளவுதான். படம் எதுவும் கிடையாது. பார்க்க ரேஷன் கடை முத்திரை மாதிரி இருக்கும். அதில் நீலத் தாளில் அடித்தது உலகத்திலேயே ஒன்றுதான் இன்று இருப்பதாகத் தெரிகிறது. 'புளூ பாய்' என்று அதற்குப் பட்டப்பெயர்.

அது எப்படிப் பிழைத்தது என்பதுதான் முக்கியம். 1847 நவம்பரில் ஜேம்ஸ் ஹூஃப் என்ற இளைஞர், ஜானெட் பிரவுன் என்ற பெண்ணுக்கு ரகசியமாக எழுதிய காதல் கடிதத்தின் உறையில் அது ஒட்டப்பட்டிருந்தது. இருவரும் உறவுக்காரர்கள், ஆனால் கிறிஸ்தவத்தில் வேறு வேறு சபை. வீட்டுக்குத் தெரியக் கூடாது. ஆகவே படித்ததும் எரித்துவிடும்படி அவர் எழுதியிருந்தார். அந்தப் பெண் எரிக்கவில்லை. பிறகு அவர்களுக்கே திருமணம் ஆனது. 1907-ல் அவர்களுடைய மகள் அம்மாவின் தையல் பெட்டியில் அந்த உறையைக் கண்டெடுத்தார். 2019-ல் அது ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போனது.

பணத்தை விடுங்கள். அந்த நீலத் துண்டை மட்டும் யாராவது வெட்டி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது உண்மையானதா, யாரோ பின்னால் அடித்ததா என்று நிரூபிக்க வழி இருந்திருக்காது. உறையில் உள்ள முகவரி, ஊர் முத்திரை, தேதி, கடிதம் எல்லாம் சேர்ந்துதான் அதற்குச் சாட்சி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம் வீட்டுக் கடிதங்களில் இந்தச் சாட்சி இன்னும் அவசியம்.

பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதனால் அதுவரை ரங்கூனிலிருந்து வந்த கடிதத்திலும் இந்தியத் தபால்தலைதான் ஒட்டியிருக்கும். காரைக்குடியில் ஒட்டிய தலையும் ரங்கூனில் ஒட்டிய தலையும் ஒன்றுதான். அதை வெந்நீரில் போட்டு எடுத்தால், கோடிக்கணக்கில் அச்சடித்த ஐந்தாம் ஜார்ஜ் தலைகளில் அதுவும் ஒன்று. சில ரூபாய் பெறும். உறையோடு இருந்தால் பர்மாவின் எந்த ஊர் அஞ்சலகத்தில் எந்தத் தேதியில் போட்டது என்று முத்திரை பேசும். 'பர்மாவில் பயன்பட்ட இந்தியத் தலை' என்று அதைத் தனியாகத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஊர் சின்னதாக இருக்க இருக்க மதிப்பு கூடும். சிங்கப்பூர், பினாங்கு பக்கமும் 1867-ல் அவர்களுக்கென்று தலை வரும்வரை இந்தியத் தலைதான்.

1937-க்குப் பிறகு முதலில் இந்தியத் தலையின் மேலேயே பர்மா என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விற்றார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது கையில் கிடைத்த பழைய தலைகள் மேல் மயில் சின்னம் அடித்தார்கள். இந்த வகைகளில் போலி அச்சு ஏராளம். உதிரியாகக் கிடைக்கும் தலையை வைத்து நல்லதா போலியா என்று சொல்ல நிபுணர்களே யோசிப்பார்கள். தேதி முத்திரையோடு உறையில் இருந்தால் சந்தேகம் பெருமளவு தீரும்.

சரி, இது தபால்தலைக்காரர்களின் கணக்கு. எனக்கு இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உறவுகளில் பலருக்கே இது தெரியாது.

எங்கள் ஐயா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர்கள். 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதற்கு முன்பே குண்டுவீச்சுக்குப் பயந்து ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். ஐயா மற்றவர்களோடு மலை ஏறி, காடு கடந்து, நடந்தே இந்தியாவுக்குள் வந்தார்கள். அந்த மாதங்களில் அப்பத்தாவுக்கு ஒரு தகவலும் இல்லை. யாரையோ வைத்து ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பர்மாவுக்குத் தபால் போக வழியில்லை என்று முத்திரை குத்தி அந்தக் கடிதம் திரும்பி வந்துவிட்டது. ஐயா வீடு வந்து சேர்ந்த பிறகும் அப்பத்தா அந்தக் கடிதத்தைப் பிரிக்கவில்லை. அப்படியே பெட்டகத்தில் வைத்திருந்தார்கள்.

எனக்குப் பதினோரு வயதில் தபால்தலைப் பைத்தியம். பெட்டகத்தில் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். ஆறாம் ஜார்ஜ் தலை. சட்டி எடுத்தேன், தண்ணீர் வைத்தேன். முத்திரை குத்திய உறை ஊறிக் கிழிந்து, மை கரைந்து போனது. உள்ளே இருந்த தாளும் நனைந்துவிட்டது. பயந்துபோய் அடுப்பில் போட்டுவிட்டேன். அப்பத்தா ஒரு நாள் தேடினார்கள். நான் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பத்தா காலமானார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதத்தின் கதையை அப்பச்சி சொல்லக் கேட்டேன்.

அந்தத் தலை இன்றும் என் ஆல்பத்தில் இருக்கிறது. பத்து ரூபாய் பெறுமா என்பது சந்தேகம். யுத்தகாலத்தில் இப்படித் திரும்பி வந்த உறைகளை இன்று தேடித்தேடி வாங்குகிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் நான் தொலைத்தது அந்த விலையை இல்லை. ஐயா உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாத நேரத்தில் அப்பத்தா என்ன சொல்லி எழுதச் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. அதை எந்த ஏலத்திலும் வாங்க முடியாது.

இப்படி எத்தனை வீட்டில் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1929-30-ல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் நகரத்தார் தொழிலில் இருந்த பணத்தை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி. அத்தனை கொடுக்கல் வாங்கலும் கடிதத்தில்தான் நடந்தது. முதலாளி ஊரில் இருப்பார், ஏஜெண்டு அங்கே இருப்பார். நெல் விலை, வட்டி, கடையில் யாருக்குக் காய்ச்சல், ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கும். நிலமும் கடையும் அங்கேயே போய்விட்டன. கையில் மிஞ்சியது இந்தத் தாள்கள்தான். அதைத்தான் இப்போது கிலோ கணக்கில் போடுகிறோம்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் பழம்பொருள் கடைகளில் பாருங்கள். தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. விற்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு இருபது பங்கு, ஓடு மாற்ற லட்சக்கணக்கில் செலவு, யாரும் ஊரில் இல்லை. தூணை விற்றாலும் அது எங்கோ ஒரு ஓட்டலில் தூணாகவே நிற்கும். ஆனால் கடிதக் கட்டு பிரிந்தால் போயிற்று. தலையை ஒருவர் எடுப்பார், ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய பத்திரத்தை ஒருவர் எடுப்பார், மீதி காகித ஆலைக்குப் போகும்.

"அப்படியானால் எங்கள் வீட்டில் இருப்பது லட்சக்கணக்கில் போகுமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் போகாது. பொய் ஆசை காட்ட எனக்கு மனம் இல்லை. உலகத்தின் முதல் தபால்தலையான 1840-ம் ஆண்டு 'பென்னி பிளாக்' 6 கோடிக்கும் மேல் அச்சானது, இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. வயது மட்டும் விலை ஆகாது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது, உண்மையானதுதானா, இந்த நான்கும்தான் விலையை முடிவு செய்யும். ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக்கில் போட்டிருக்கும் விலை, குறையில்லாத தலையைக் கடைக்காரர் உங்களுக்கு விற்கும் விலை. நீங்கள் விற்கப் போனால் அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும்.

காந்தி படம் போட்ட 1948-ம் ஆண்டுப் பத்து ரூபாய்த் தலையைப் பற்றி வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். 2017-ல் அதில் நான்கு சேர்ந்த ஒரு வரிசை ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது உண்மை. ஆனால் அது கவர்னர் ஜெனரலின் அலுவலுக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சு அடித்த வகை. மொத்தமே நூறு தலைகள்தான். சாதாரணத் தலையில் அந்த எழுத்தை அடித்து ஏமாற்றுபவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் காந்தித் தலை இருந்தால் சந்தோஷப்படுங்கள், உடனே வீடு கட்டத் திட்டம் போடாதீர்கள்.

ஆகவே லாபத்துக்காக வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்று உறுதியாகச் சொல்வேன். பிரிக்காமல் வைத்தால் எதுவும் குறையாது. பிரித்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

இதற்கு உறவுகளிடமிருந்து எனக்கு வந்த எதிர்வாதம் இரண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஒன்று, யார் பாதுகாப்பது? கரையான், வௌவால், மழை ஒழுக்கு. சென்னை அடுக்குமாடியில் தகரப்பெட்டி வைக்க இடமில்லை. உண்மைதான். எல்லோரும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் நம் பக்கத்து ஊர்க் கோட்டையூரைப் பாருங்கள். ரோஜா முத்தையா செட்டியார் சைன்போர்டு எழுதிப் பிழைத்தவர். ஊரில் பலரும் வேண்டாம் என்று கழித்த பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் அமைந்தது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே போகாமல் இருப்பதில்லை. எடைக்குப் போயிருக்க வேண்டிய தாள்கள்தான் அவை. நம்மால் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால், வைத்துக்கொள்ளக்கூடியவர்களிடம் மொத்தமாகக் கொடுக்கலாம். கட்டைப் பிரிக்காமல் கொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இரண்டு, அந்தரங்கம். கடிதத்தில் கடன் பாக்கி இருக்கும், பங்காளிச் சண்டை இருக்கும், வெளியே சொல்லக் கூடாதது இருக்கும். இதை நான் மதிக்கிறேன். அதனால்தான் முதலில் நாம் படிக்க வேண்டும் என்கிறேன். படித்துவிட்டு, இது குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்று ஒதுக்குவது வேறு. படிக்காமலே தெருவில் போகும் பழைய பேப்பர்காரரிடம் கொடுப்பது வேறு. இரண்டாவதில் அந்தரங்கம் எங்கே காப்பாற்றப்படுகிறது?

கையில் பழைய கடிதம் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. தண்ணீர், செல்லோ டேப், லேமினேஷன் மூன்றும் கூடாது. துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். எந்தக் கட்டில் எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். உறையின் முன்பக்கம், பின்பக்கம், கடிதம் மூன்றையும் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். பின்பக்க முத்திரையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடிதம் ஊருக்கு வந்துசேர்ந்த தேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் வந்து கேட்பவருக்கே கொடுத்துவிடாமல், விஷயம் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். அதில் எந்தத் தவறும் இல்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் தபால்தலை சேர்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். இன்று வருகிற உறையிலிருந்து தாராளமாக ஊறப்போட்டு எடுக்கட்டும். தலைமை அஞ்சலகத்தில் புதுத் தலைகள் வாங்கட்டும். தாத்தா பாட்டி கடிதங்களை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உறவுகளுக்கு: நம் ஊர் வீட்டின் இரண்டாங்கட்டு அறையைப் பொங்கலுக்கு முன் காலி செய்வது என்று குரூப்பில் பேசி முடித்திருக்கிறீர்கள். பாத்திரம், பெஞ்சு எல்லாவற்றுக்கும் நான் சம்மதம். ஐயா காலத்துப் பச்சைத் தகரப்பெட்டி இரண்டு மட்டும் எடைக்குப் போக வேண்டாம். ஆறு மாதம் என்னிடம் விடுங்கள். ஒவ்வொன்றாகப் படித்து, படம் எடுத்து, யார் யாருக்கு எழுதியது என்று பட்டியல் போட்டு உங்கள் முன்னால் வைக்கிறேன். அதன் பிறகு என்ன முடிவு எடுத்தாலும் குறுக்கே நிற்க மாட்டேன். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது, கண்ணும் இன்னும் தெரிகிறது.

மாணவர்களுக்கு: அந்த வெள்ளிக்கிழமை ஆல்பம் உங்களில் சிலரிடமாவது இன்னும் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் அது எந்த வீட்டிலிருந்து வந்தது, யாருக்கு வந்த கடிதத்தில் இருந்தது என்று நினைவிருக்கும் மட்டும் பென்சிலால் எழுதி வையுங்கள். அம்மா அப்பா இருந்தால் கேட்டு எழுதுங்கள். உறை போய்விட்டது, அதை நான் திருப்பித் தர முடியாது. அந்தப் பெயராவது மிஞ்சட்டும்.

நானும் இன்று காலை என் ஆல்பத்தை எடுத்து, அந்த ஆறாம் ஜார்ஜ் தலைக்குக் கீழே எழுதிவிட்டேன். "அப்பத்தா ஐயாவுக்கு எழுதியது. 1942. திரும்பி வந்தது."

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காரைக்குடி